எடையில்லாத தூண்டில்

எங்கள் வீட்டில் எடை குறைந்த எதற்கும் மரியாதை கிடையாது. அத்தா, அதாவது அப்பா, மிளகு வியாபாரி. சேந்தமங்கலம் கடைவீதியில் எங்கள் கடை, கடைக்குப் பின்னால் கிடங்கு, கிடங்குக்குப் பின்னால் மிளகு காயப்போடும் சிமெண்டுக் களம், களத்தைத் தாண்டினால் வீடு. கொல்லிமலைத் தோட்டங்களிலிருந்து வரும் மிளகை அத்தா கடித்துப் பார்க்க மாட்டார், முகர்ந்து பார்க்க மாட்டார். லிட்டர் படியில் தலைதட்டி அளந்து தராசில் கொட்டுவார். கனம் நின்றால் நல்ல மிளகு. லேசாக இருந்தால் பொக்கு, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் தோல். இந்த ஒரே விதியை அவர் உலகம் முழுவதற்கும் விரித்து வைத்திருந்தார். தர்பூசணி, செருப்பு, குடை, கதவுத் தாழ்ப்பாள், எதுவானாலும் கையில் வாங்கி மேலும் கீழும் இரண்டு முறை அசைத்துப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொல்வார். மாமாவுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பாயசம் வந்த டம்ளரையே அப்படி அசைத்துப் பார்த்துவிட்டார் என்று அம்மாவுக்கு நெடுநாள் வருத்தம் உண்டு.

அப்படிப்பட்டவர் ஊரிலேயே மிகவும் லேசான ஒரு பொருளை, அதுவும் மீன் பிடிக்க, சேலம் வரை போய் வாங்கி வந்தார். நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் அது.

அந்த வருடம் கொல்லிமலைமேல் சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு எடுக்கப் போன அத்தா சாயங்காலம் வீடு திரும்பவில்லை. நாமக்கல்லில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று போன் வந்தது. நெஞ்சில் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது, உள்ளே ஒரு சின்னக் கம்பிச்சுருள் வைத்துத் திறந்துவிட்டார்கள் என்பதெல்லாம் நான் பெரிய வகுப்புக்குப் போன பிறகு தெரிந்துகொண்டவை. அன்றைக்கு எனக்குச் சொல்லப்பட்டது வாயுப் பிடிப்பு. வாயுவுக்கு இஞ்சியைத் தட்டிப் போட்டுக் குடித்தால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். ஆகவே நான் கவலைப்படவில்லை. அக்கம்பக்கத்தார் எனக்கு அந்த வாரம் முழுக்க மிட்டாயும் பிஸ்கட்டும் கொடுத்ததை வேறு எதனோடும் சேர்த்துப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை.

அத்தா வீட்டுக்கு வந்தபோது கொஞ்சம் இளைத்திருந்தார். கூடவே விதிகளும் வந்தன. மூன்று மாதம் எடை தூக்கக் கூடாது. வேகமாகப் படி ஏறக் கூடாது. கோபப்படக் கூடாது. லேசான வேலையாகப் பார்த்துச் செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியனுப்பியிருந்தார். டாக்டர் அதை ஒருமுறைதான் சொல்லியிருப்பார். அம்மா அதைத் தினமும் சொன்னாள்.

முன்பெல்லாம் நான் கிடங்குக்குள் போய்க் கையிரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றால், அத்தா ஒரே கையால் என்னை அள்ளி மூட்டை அடுக்கின் உச்சியில் உட்காரவைப்பார். இப்போது கையைத் தூக்கிக்கொண்டு நின்றால் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். நான் கனத்துவிட்டேன் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அது குறையல்லவே. உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் அத்தாவால் சும்மா இருக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடைப் பையன்களை விரட்டினார். தராசின் தட்டு அழுக்கு என்றார், சாக்கு கோணலாக அடுக்கியிருக்கிறது என்றார். ஒருநாள் மதியம், அம்மா தொழுதுகொண்டிருந்த நேரம் பார்த்துக் கிடங்குக்குள் நுழைந்து ஒரு மிளகு மூட்டையின் இரண்டு காதையும் பிடித்துவிட்டார். நான் அங்கே பூனையோடு விளையாடிக்கொண்டிருந்தேன். அவர் தூக்குவதற்குள் அம்மா வந்துவிட்டாள். எப்படித் தெரிந்ததோ. அவள் கத்தவில்லை, கையைப் பிடித்து இழுக்கவும் இல்லை. நேராக வந்து அந்த மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இப்பத் தூக்குங்க," என்றாள்.

அத்தா மூட்டையின் காதுகளைப் பிடித்தபடி குனிந்தே நின்றார். இரண்டு பேர் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இது ஏதோ புது விளையாட்டு என்று எனக்கு ஒரே குஷி. ஓடிப்போய் அம்மா மடியில் ஏறி நானும் உட்கார்ந்துகொண்டேன். "எங்க ரெண்டு பேத்தையும் சேத்துத் தூக்குங்கத்தா," என்றேன். அத்தா மெல்ல நிமிர்ந்தார். மூட்டையை விட்டுவிட்டு, என் மூக்கை ஒருமுறை கிள்ளிவிட்டு, வெளியே போய்விட்டார். விளையாட்டு இவ்வளவு சீக்கிரம் முடிந்துவிட்டதே என்று எனக்கு ஏமாற்றம். அம்மா நெடுநேரம் அந்த மூட்டையை விட்டு எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி, பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருப்பவர். அத்தாவின் மனதை மாற்ற வேண்டும் என்று அம்மா சொல்லியனுப்பியிருப்பாள். அவர் தன் போனில் விதவிதமான வீடியோவாகப் போட்டுக் காட்டினார். கிரிக்கெட் போட்டார், சமையல் போட்டார், யானை குளிப்பதைப் போட்டார். எதுவும் எடுபடவில்லை. கடைசியில் எங்கோ வெளிநாட்டில் ஒரு தாடிக்காரர் முழங்கால் ஆழ ஓடையில் நின்றுகொண்டு ஒரு மெல்லிய கம்பை முன்னும் பின்னும் வீசும் வீடியோ வந்தது. கம்பிலிருந்து நூல் காற்றில் சுருண்டு சுருண்டு போய்த் தண்ணீர்மேல் சத்தமில்லாமல் விழுந்தது.

"இவனுக்கு வேற வேலை இல்லையா?" என்றார் அத்தா.

மாமா அதை மாற்றப் போனார். "இரு மாப்ள, இருக்கட்டும்," என்றார் அத்தா. பிறகு இன்னொரு வீடியோ. பிறகு இன்னொன்று. மறுநாள் காலையில் கடை திறந்ததும் மாமாவை போனில் கூப்பிட்டு, "அந்தத் தூண்டில்காரன எப்பிடிப் பாக்கறது?" என்று கேட்டார். ஒரு வாரத்துக்குள், மலைமேல் வளப்பூர் நாடு என்கிற ஊர்ப்பக்கம் அவர் மிளகு எடுக்கும் தோட்டம் ஒன்றின் கீழே ஓடை போவதும், அதில் மீன் துள்ளுவதை அவரே பார்த்திருப்பதும் நினைவுக்கு வந்துவிட்டன. அம்மா டாக்டரை போனில் கேட்டாள். டாக்டர் சிரித்துக்கொண்டே சரி என்றாராம். ஆனால் கம்பு வாங்க நானும் வருவேன் என்றாள் அம்மா. மீனைக் கழுவுவதைத் தவிர மீனோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதவள் எதற்கு வருகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

மாமாவின் பழைய ஆம்னி வேனில் நாலு பேரும் சேலம் போனோம். தூண்டில் கடை குறுகலாக, நீளமாக இருந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் கம்புகள் சாய்ந்து நின்றன. கடைக்காரர் எங்கே பிடிக்கப் போகிறீர்கள், மேட்டூர் அணையா என்று கேட்டார். கொல்லிமலையில் ஒரு ஓடை என்றார் அத்தா. எவ்வளவு அகலம் இருக்கும் என்று கேட்டதற்கு அத்தா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "உங்க கடை அகலம் இருக்கும்ங்க," என்றார்.

அதற்குள் அத்தாவின் கை ஒரு கம்பின் மேல் விழுந்துவிட்டது. கருப்பாக, என் மணிக்கட்டு தடிமனில், கிணற்று ராட்டினம் மாதிரி ஒரு சக்கரத்தோடு நின்ற கம்பு. எடுத்து மேலும் கீழும் அசைத்தார். முகம் மலர்ந்தது. எனக்கும் அதைப் பார்த்ததும் பிடித்துவிட்டது. அதை வைத்திருப்பவரிடம் மீன் தானாகவே வந்து சரணடைந்துவிடும் என்று தோன்றியது.

"இதாங்க கம்பு," என்றார் அத்தா.

"அது கடல்ல பெரிய மீன் இழுக்கறதுக்குங்க," என்றார் கடைக்காரர்.

"இழுக்கட்டுமே."

அம்மா அந்தக் கம்பைக் கையில் வாங்கினாள். ஒரு கையால் பிடித்து முன்னால் நீட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தில் அவள் கை தாழ்ந்தது. கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "இதைவிட லேசா இருக்குங்களா?" என்று கேட்டாள்.

கடைக்காரர் வேறொன்று கொடுத்தார். அம்மா அதையும் நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதைவிட லேசா இருக்குங்களா? இன்னொன்று வந்தது. ஏரிக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று, சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் கை நீட்டிப் பிடித்தாள், தாழ்வது வரை காத்திருந்தாள், அதே கேள்வியைக் கேட்டாள். மீன் பிடிக்கப் போவது அம்மாதான் என்று கடைக்காரர் முடிவுகட்டிவிட்டார். அதன்பிறகு அத்தாவைப் பார்த்து அவர் பேசவே இல்லை. எல்லா விளக்கமும் அம்மாவுக்குத்தான்.

கடைசியில் ஏணி போட்டு மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். ஏற்காட்டு எஸ்டேட்காரர் ஒருவர் சொல்லி வரவழைத்தது, அவர் வாங்க வரவே இல்லை என்றார். பைக்குள் நாலு துண்டுகள். ஒன்றை ஒன்றில் செருகியதும் அத்தாவைவிடக் கொஞ்சம் உயரமான ஒரு கம்பு ஆனது. நுனி ஊதுபத்திக் குச்சியைவிட மெல்லியது.

"இது கம்புங்களா, ஒட்டடைக் குச்சிங்களா?" என்றார் அத்தா.

கடைக்காரர் அம்மாவிடம் சொன்னார்: "மத்த தூண்டில்ல முனையில ஈயக்குண்டு கட்டுவோம்ங்க. குண்டு பறக்கும், நூலு பின்னால போவும். இதுல குண்டே கெடையாது. கொக்கியில இத்தினியூண்டு எறகு, பூச்சி மாதிரி. நூலுதான் இதுல எடை. கம்பு நூல வீசும், எறகு கூடவே போவும். சின்ன ஓடைக்கு நீளக் கம்பு எடுத்தீங்கன்னா மரத்துலதான் மாட்டும். கம்புக்கெல்லாம் நம்பர் உண்டுங்க, நம்பர் கொறையக் கொறைய லேசு. இது நம்பர் கம்மி. நல்லா வளையும். வெறைப்பான கம்பு நாம பண்ற தப்ப அப்படியே காட்டிக் குடுத்துரும். புதுசாப் பழகறவங்களுக்கு இதாங்க நல்லது, பொறுத்துக்கும்."

விலையைக் கேட்டதும் அத்தா தராசு முன்னால் நிற்கும் குரலுக்கு மாறிவிட்டார். "எடை கொறையக் கொறைய வெலை ஏறுதே, இது எந்த ஊரு நாயம்ங்க?"

"கனமா யாரு வேணா செஞ்சுரலாம்ங்க," என்றார் கடைக்காரர்.

அம்மா அந்தக் கம்பை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா இருமினார். நான் காலை மாற்றி நின்றேன். வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அம்மாவின் கை தாழவில்லை. அவள் கம்பை அத்தாவிடம் கொடுத்தாள். அத்தா வழக்கம்போல மேலும் கீழும் அசைத்தார். கையில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அசைத்து நிறுத்திய பிறகும் நுனி தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருந்தது. அவர் அதை முறைத்துப் பார்த்தார். மறுபடி அசைத்தார். மறுபடியும் ஆடியது.

"இதையே எடுத்துக்கலாம்ங்க," என்றாள் அம்மா.

நான் கருப்புக் கம்புதான் வேண்டும் என்று அழ ஆரம்பித்தேன். வேன் நாமக்கல் ரோட்டுக்கு வரும்வரை அழுதேன். அத்தாவும் மனதுக்குள் என் பக்கம்தான் என்று எனக்குத் தெரியும். அவர் சொல்லத் துணியவில்லை, அவ்வளவே. எங்கள் வீட்டில் எப்போதிருந்து அம்மா சொல்வது சட்டமானது, அத்தா ஏன் அதற்குக் கட்டுப்படுகிறார் என்று அழுகைக்கு நடுவிலும் யோசித்தேன்.

பழகுவதற்குத் தண்ணீர் தேவையில்லை, கொக்கிக்குப் பதில் கம்பளி நூலைக் கட்டிக்கொண்டு வெறும் தரையில் வீசலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எனக்குச் சின்னதாகிப் போன ஒரு சிவப்பு ஸ்வெட்டரிலிருந்து அம்மா நூல் உருவிக் கொடுத்தாள். வெயில் தாழ்ந்து மிளகை அள்ளிய பிறகு களம் காலியாக இருக்கும். அத்தா நடுவில் நின்று வீசுவார். மாமா போனைப் பார்த்து வாசிப்பார். "பின்னால வீசுங்க மச்சான். நிறுத்துங்க. ஒரு மூச்சு விடுங்க. இப்ப முன்னால."

அந்த ஒரு மூச்சுதான் அத்தாவுக்கு வரவில்லை. வாழ்க்கையில் எதற்கும் நிறுத்தி மூச்சு விட்டுப் பழகாதவர். பின்னால் போன நூல் நேராவதற்கு முன்பே முன்னால் இழுத்துவிடுவார். சாட்டை அடித்த மாதிரி ஒரு சத்தம் வரும். நூல் அவர் கழுத்தைச் சுற்றும், மாமாவின் கண்ணாடியைப் பிடுங்கும், கொடியில் காயும் கைலியோடு போய்ச் சிக்கிக்கொள்ளும். அம்மா சமையலறை வாசலிலிருந்து, "மெதுவாங்க, மெதுவா," என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். பக்கத்தில் எண்ணெய்ச் செக்கு மில் வைத்திருக்கும் அண்ணன் ஒருநாள் மதில் பக்கம் சைக்கிளை நிறுத்திக் கொஞ்ச நேரம் கவனித்துப் பார்த்தார். சிரிக்கவே இல்லை.

"ஏனுங்க பாய், களத்துல மீனு நல்லா கெடைக்குதுங்களா?"

"இப்பத்தாண்ணா குஞ்சு உட்டிருக்கறேன். ஐப்பசியில வாங்க," என்றார் அத்தா.

எங்கள் கிடங்குப் பூனைதான் அவருக்கு முதல் மீன். ஒரு சாயங்காலம் எப்படியோ அந்த மூச்சு அவருக்கு வந்துவிட்டது. நூல் பின்னால் போய் நீண்டு, காற்றில் ஒரு கணம் நின்று, முன்னால் வந்து சிவப்புக் கம்பளியைக் களத்தின் மூலையில் பூ உதிர்ந்த மாதிரி வைத்தது. சாக்குக்குப் பின்னால் பதுங்கியிருந்த பூனை பாய்ந்து அதைக் கவ்விக்கொண்டு ஓடியது. கம்பு வில்லாக வளைந்தது. அத்தா கண்ணை அகல விரித்துக்கொண்டு நின்றார். பூனை இழுப்பது அவர் கைக்குள் வந்திருக்க வேண்டும். "கண்ணு, இங்க வா, தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு," என்று என்னைக் கூப்பிட்டு, கம்பின் அடியில் என் கையை வைத்து, அதன்மேல் தன் கையை வைத்துக்கொண்டார். உள்ளே ஏதோ துடித்தது. பூனை கம்பளியைத் துப்பிவிட்டுப் போன பிறகும் நாங்கள் இருவரும் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றோம்.

அதன்பிறகு தினமும் பூனைக்குத்தான் வேலை. கடைப் பையன்களை அத்தா விரட்டுவது குறைந்துபோனது. சாக்கு கோணலாகவே இருந்தது, யாரும் கேட்கவில்லை.

மூன்று மாதம் முடிந்து டாக்டர் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையேறினோம். நானும் அம்மாவும் கொல்லிமலைக்குப் போனது அதுதான் முதல் தடவை. வளைவுக்கு வளைவு எழுதியிருந்த எண்ணை மாமா சத்தமாக வாசித்துக்கொண்டே ஓட்டினார். அம்மா எண்ணைப் பார்க்கவில்லை, பள்ளத்தைப் பார்க்கவில்லை, முன் சீட்டில் இருந்த அத்தாவின் பிடரியையே பார்த்துக்கொண்டு வந்தாள். எனக்கு வாந்தி வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். மாமாவுக்குத்தான் வந்தது.

சோளக்காட்டில் வேன் நின்றதும் சந்தையே எங்களைச் சுற்றிக்கொண்டது. பலாப்பழம் அடுக்கிக்கொண்டிருந்தவர்கள், மிளகு வியாபாரிகள், டீக்கடைக்காரர், எல்லோரும் வந்து அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்த கையைச் சீக்கிரம் விடவில்லை. அன்னாசி விற்கும் ஒரு அம்மா, "வந்துட்டீங்களா சாமி, நல்லாருக்கறீங்களா," என்று கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது. எனக்கு ஒரு முழு அன்னாசியைச் சீவிக் கொடுத்துக் காசு வாங்க மறுத்துவிட்டது. மலையில் அத்தாவுக்கு இவ்வளவு செல்வாக்கா என்று எனக்குப் பிரமிப்பாக இருந்தது. சேந்தமங்கலத்தில் அவர் ஒரு சாதாரண வியாபாரி, இங்கே ஏதோ மந்திரி போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

வளப்பூர் நாட்டில் அந்தத் தோட்டத்துக்காரர் ரோட்டுக்கே வந்து காத்திருந்தார். அத்தாவின் வயதுதான் இருக்கும். சந்தையில் அத்தா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்று, அவரை ஜீப்பில் போட்டு அத்தனை வளைவையும் இறக்கி நாமக்கல் கொண்டுபோய்ச் சேர்த்தவர் இவர்தான். அதுவும் எனக்கு அப்போது தெரியாது. அம்மா, வடக்கே போகும் ரயிலுக்குக் கட்டின மாதிரி ஒரு பெரிய தூக்குப்போசி நிறையப் பிரியாணி செய்து மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருந்தாள். அதை அவர் கையில் கொடுத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. அவரும் போசியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். இரண்டு பேரும் பேசத் தெரியாதவர்கள் போலிருக்கிறது என்று நினைத்து, நான் முன்வந்து, "கறி நெறையா போட்டிருக்குதுங்க," என்று விளக்கினேன்.

ஓடை தோட்டத்தின் அடியில் போனது. இரண்டு பக்கமும் சில்வர் ஓக் மரங்கள், மரம் முழுக்க மிளகுக்கொடி. எங்கேயோ பலா பழுத்து வெடித்திருந்த வாசனை. இறங்கிப் போகும் வழியில் மண்ணை வெட்டிப் புதிதாகப் படி எடுத்திருந்தார்கள். ஓடைக்குள், கணுக்கால் தண்ணீரில், ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது.

"நின்னுக்கிட்டே இருக்க வேண்டாம்ங்க பாய். உக்காந்துக்கிட்டே புடிங்க," என்றார் தோட்டத்துக்காரர்.

அத்தா கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி போய் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி, கையில் ஒட்டடைக் குச்சி. மாமா பயபக்தியோடு இறகுக் கொக்கியைக் கட்டிக் கொடுத்தார். முதல் வீச்சு நேராக மிளகுக்கொடியில் போய் மாட்டியது. தோட்டத்துக்காரர் மரத்தில் ஏறி எடுத்துப் போட்டார். இரண்டாவது வீச்சு அடுத்த மரத்துக் கொடியில். இந்தத் தடவை கொக்கியோடு ஒரு கொத்துப் பச்சை மிளகும் வந்தது.

"மிளகு வாங்கத்தான் வந்தீங்கன்னா மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்களே," என்றார் தோட்டத்துக்காரர், மரத்தின் மேலிருந்தபடி.

அத்தா சிரித்த சிரிப்பில் நாற்காலி மணலுக்குள் ஒரு பக்கமாகப் புதைந்தது. அம்மா பதறிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினாள். சேலையை நனைத்துக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்து நிமிர்த்தினாள். பிறகு கரைக்குத் திரும்பவே இல்லை. நாற்காலியை ஒட்டியே நின்றுகொண்டாள்.

உட்கார்ந்தே வீசுவது நல்லதாகப் போயிற்று. அத்தா கையைப் பக்கவாட்டில் தாழ்த்தி, கிளைகளுக்கு அடியில் நூலை விடப் பழகிக்கொண்டார். பின்னால் வீச்சு, ஒரு மூச்சு, முன்னால். இறகு ஒரு பாறையின் நிழலில் போய் விழுந்தது. தண்ணீர் அதை மெல்ல இழுத்துக்கொண்டு வந்தது. நான் தண்ணீருக்குள் கால் விரல்களை அசைக்காமல் நிறுத்தி வைத்திருந்தேன். இறகு இருந்த இடத்தில் ஒரு சின்னச் சுழி. கம்பு வளைந்தது.

பூனைக்கு வளைந்த மாதிரி இல்லை. நுனி வந்து தண்ணீரைத் தொட்டது. நூல் கீறிக்கொண்டு இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது. அத்தா எழுந்துவிட்டார். நாற்காலி கவிழ்ந்து தண்ணீரோடு நகர்ந்து போனது. மாமா "மச்சான், மச்சான்," என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வராமல் நின்றார். அம்மா மெதுவாங்க என்று சொல்லப் போகிறாள் என்று நான் அவளைப் பார்த்தேன். மூன்று மாதமாக அந்த ஒரு சொல்லைத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இழுங்க," என்றாள் அம்மா. "விடாதீங்க, இழுங்க. அப்படித்தான். இழுங்க."

அக்காவா இது என்று மாமா அவளைத் திரும்பிப் பார்த்தார். அத்தா இழுத்தார். பாறைப் பக்கம் பின்வாங்கி, முட்டி வரை நனைந்து, வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டு இழுத்தார். அம்மா குனிந்து இரண்டு கையையும் தண்ணீருக்குள் விட்டு அள்ளினாள்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவள் கைக்குள் ஒரு கெண்டை கிடந்தது. ஒரு வெண்டைக்காய் நீளம் இருக்கும். முற்றிய வெண்டைக்காய் கூட இல்லை, பிஞ்சு. வெள்ளியாக, விலாவில் ஒரு கருப்புப் பொட்டோடு, வாயைத் திறந்து திறந்து மூடியது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பில் எல்லோரிடமும் எங்கள் அத்தா மலைக்குப் போய்த் திமிங்கலம் அளவுக்கு மீன் பிடிக்கப் போகிறார் என்று சொல்லி வைத்திருந்தேன். கருப்புக் கம்பு வாங்கியிருந்தால் இந்த அவமானம் வந்திருக்காது. "இத்தனூண்டு மீனுக்கா இவ்வளவும்?" என்று கேட்டேன். தோட்டத்துக்காரர் மரத்திலிருந்து இறங்கி வந்து எட்டிப் பார்த்து, "பொடிதானுங்க. ஆனா ஆளு பலமான ஆளு," என்றார். அத்தா சிரித்துக்கொண்டே இருந்தார். மூச்சு வாங்கியது, கண்ணிலிருந்து நீர் வழிந்தது, அப்படியும் சிரித்தார். மாமாவும் சிரித்தார். யாருக்கும் என் துக்கம் புரியவில்லை.

அம்மா கொக்கியைக் கழற்றி மீனைத் தண்ணீரில் விட்டாள். கழுவிக் குழம்பு வைத்தே பழகியவள் மீனைத் தண்ணீரில் விட்டதை அன்றுதான் பார்த்தேன். அது கொஞ்ச நேரம் அவள் விரல்களுக்கு நடுவிலேயே நின்றுவிட்டுப் பிறகு விருட்டென்று போனது. அம்மா நிமிர்ந்தாள். சிரித்துக்கொண்டு நின்ற அத்தாவின் சட்டையில், இடது பக்கம், சட்டைப்பை இருக்கும் இடத்தில், நனைந்த உள்ளங்கையை விரித்து வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் ஈரம் சுற்றிலும் பரவியது. அத்தாவின் சிரிப்பு அடங்கியது. அவர் அசையாமல் நின்றார். அம்மா தலையைச் சாய்த்து எதையோ கவனித்துக் கேட்பவள் மாதிரி இருந்தாள்.

எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நான் சாப்பிட்டுவிட்டுப் பாவாடையில் கை துடைத்தால் என்ன பாடு படுத்துவாள்.

"ஏம்மா, கை தொடைக்க உனக்கு வேற துணியே கெடைக்கலியா? சட்டையில தொடைக்கக் கூடாதுன்னு நீதான சொல்லுவ."

"ஆமா கண்ணு, தப்புத்தான்," என்றாள் அம்மா. கையை மட்டும் எடுக்கவில்லை.